வாசல் சரிதானா?

வீடு எத்துணை அழகாக இருந்தாலும் வாசல் சரியில்லையேல் நிம்மதி இராது என்பர் பெரியோர். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. ஆனால், கணினியில் ஆன்டெனா அமைப்போருக்கு இக்கூற்று முற்றிலும் பொருந்தும்.

முதுகலை ஆய்வேட்டிற்காக, 10 கிகாஹெர்ட்சில் இயங்கும் பேட்ச் ஆன்டெனா ஒன்றைக் கணினியில் வடிவமைத்தேன். ஆன்டெனாவுக்குள் ஆற்றல் நுழையும் வாசலே ‘போர்ட்’. ஆன்டெனா ஒன்றுதான், போர்ட்டை மாற்றியதும் விடையும் மாறியது! எதை நம்பிச் செம்புத் தகட்டை வெட்டுவது? ஒரு பருவத்தின் உழைப்பு அந்த முடிவில் தொங்கியது.

காரணம் பலகையின் தடிமன். அதை அலைநீளத்தோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். 1.6 மி.மீ. கண்ணாடியிழைப் பலகை 2.4 கிகாஹெர்ட்சில் மெல்லியது. 10 கிகாஹெர்ட்சிலோ பலகைக்குள் அலைநீளம் ஏறத்தாழ 14 மி.மீ.தான், தடிமன் அதில் ஒன்பதில் ஒரு பங்கு!

‘லம்ப்டு போர்ட்’, மேற்பட்டைக்கும் தரைத் தகட்டுக்கும் இடையே மின்புலம் சீராக இருப்பதாகக் கொள்கிறது. அந்த இடைவெளியே 40 பாகைக் கட்ட நீளம் பெற்றுவிட்டால் சீர்மை ஏது? போர்ட் தன் மின்தூண்டலையும் விடையில் கலந்துவிடுகிறது.

‘வேவ் போர்ட்’டுக்கு வேறு சங்கடம். பட்டையைச் சுற்றிப் பரவும் புலம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். பட்டை அகலத்தைப் போல் பத்து மடங்கு என்பது வழக்கமான கணக்கு. 3 மி.மீ. பட்டைக்கு 30 மி.மீ. ஆகிறது. ஆனால் போர்ட்டின் அகலம் அரை அலைநீளமாகிய 15 மி.மீ.ஐத் தாண்டினால் வேண்டாத அலைப்பாங்குகள் புகுந்துவிடும். சுருக்கினால் புலம் நெரிபடும்; பெருக்கினால் அந்நியர் நுழைவர்!

ஆகவே, நான் மெய்யாகவே பற்றவைக்கப்போகும் கோஆக்சியல் இணைப்பியையே மாதிரியில் வரைந்தேன். உட்கம்பி 1.27 மி.மீ., சுற்றிலும் 4.1 மி.மீ. டெஃப்லான். உலோக உறைக்குள் புலம் அடங்கிவிடுவதால் போர்ட்டின் எல்லையில் ஐயமில்லை. பலகையைத் துளைத்தேறும் கம்பியின் மின்தூண்டல் இப்போதும் உண்டு. ஆனால் அது ஆன்டெனாவுக்கே உரியது, ஆய்வகத்திலும் தென்படுவது. அதை அடக்க, 1995-ல் வெளியான ‘யு’ வடிவத் துளை போன்ற உத்திகள் உள்ளன.

பின்னர் போர்ட்டை இணைப்பிக்குள் சற்றுக் கீழே தள்ளிப் பார்த்தேன். எதிரொளிப்பின் கட்டம் மட்டுமே மாறியது, அளவு மாறவில்லை. அதன் பிறகே தகட்டில் கை வைத்தேன்.

நண்பர்களே! கணினி பொய் சொல்வதில்லை. நாம் கொண்ட அனுமானத்தையும் சேர்த்தே விடையாகத் தருகிறது. வண்ண வரைபடத்தைக் கண்டு மகிழுமுன், விடையில் ஆன்டெனாவின் பங்கு எது, வாசலின் பங்கு எது என்று பிரித்தறிவோமாக!