எழுபது வளைவுகளுக்கு மேலே



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். மலைக்கிராமம் ஒன்றில் அவருக்கு ஆசிரியர் பணி கிடைத்திருக்கிறது. "ஐயா, அங்கே நல்ல கடை ஒன்றுகூட இல்லையாம். ஏதாவது வேண்டுமென்றால் மலையிறங்கித்தான் வரவேண்டுமாம். போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் அந்தக் கேள்விக்குள் என் வாழ்வின் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன.

ஊழியத்தின் தொடக்கத்தில் நான் கொல்லிமலையில் ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு வாழ்ந்தேன். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது அம்மலை. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும். பேருந்து நின்ற இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு மேலும் இரண்டு மணி நேர நடை. ஊரில் இருந்தது ஒரே ஒரு பெட்டிக்கடை. மழைக்காலத்தில் அதிலும் பீடியும் தீப்பெட்டியும் மட்டுமே மிஞ்சும்.

நகரத்தில் வளர்ந்த எனக்கும் என் மனைவிக்கும் முதல் மாதங்கள் கடினமாயிருந்தன. மாதம் ஒருமுறை நான் மலையிறங்குவேன். உப்பு, மண்ணெண்ணெய், சோப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து என்று என் மனைவி எழுதித் தரும் பட்டியலைச் சட்டைப்பையில் பத்திரமாய் வைத்துக்கொள்வேன். ஒருமுறை எல்லாவற்றையும் வாங்கி, உப்பை மறந்து திரும்பினேன். ஒரு பொட்டலம் உப்புக்காக எழுபது வளைவுகளை மறுபடியும் இறங்கி ஏற முடியுமா?

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் ஒரு கை உப்பை வாழையிலைத் துண்டில் மடித்துக் கொடுத்தார். அடுத்த மாதம் நன்றியோடு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் தாம் கொடுத்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, "மிச்சம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அம்மா. எனக்கு இல்லாதபோது கேட்டு வாங்க எனக்கும் ஒரு வீடு வேண்டுமே" என்றார்.

லூக்கா 11-ஆம் அதிகாரத்தில், நள்ளிரவில் நண்பனின் கதவைத் தட்டி மூன்று அப்பங்களைக் கடன் கேட்ட மனிதனைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். அதை நான் பலமுறை பிரசங்கித்திருந்தேன். ஆனால் அந்த உப்புக்குப் பிறகே அதன் ஊரை நான் கண்டேன். வந்த விருந்தாளிக்கு வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வாங்கவும் வழியில்லை. இருப்பது அண்டை வீட்டின் கதவு ஒன்றே. தட்டுகிறவன் வெட்கத்தை விடவேண்டும்; திறக்கிறவன் தூக்கத்தை விடவேண்டும். இருவரும் ஒன்றை இழந்தபின்பே அங்கே விருந்தாளி உண்கிறான்.

போதும் என்பதன் பொருளையும் அம்மலையே எனக்குக் கற்பித்தது. அறுவடை முடிந்ததும் சாமையிலும் கேழ்வரகிலும் விதைக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்துவைப்பார்கள். பஞ்ச மாதத்திலும் அதைத் தொடமாட்டார்கள். மன்னாவை அன்றன்றைக்குரிய அளவாய்ச் சேர்க்கும்படி இஸ்ரவேலுக்குக் கட்டளையிட்ட தேவன் (யாத்திராகமம் 16), தானியக் குதிரின் முன்னே நின்ற என்னோடும் பேசினார். வேண்டியது எது, விரும்பியது எது என்று என் பட்டியலே எனக்குக் காட்டத் தொடங்கியது.

பிரியமானவர்களே, இந்தத் தியானத்தை நான் இங்கேயே முடித்திருப்பேன். அக்காலத்தில் முடிக்கவும் செய்தேன். ஓர் ஓய்வுநாளில் போதுமென்ற மனதைக்குறித்து உருக்கமாய்ப் பிரசங்கித்தேன். கடைகள் இல்லாத வாழ்வு எவ்வளவு பாக்கியமானது, நகரத்தார் இதை அறியாமல் போனார்களே என்று சொன்னேன். சபையார் அமைதியாய்க் கேட்டார்கள்.

எல்லாரும் போனபின் உப்புக் கொடுத்த அந்தப் பாட்டி மட்டும் இருந்தார். "ஐயா, இல்லாமையைக் குறித்து நன்றாய்ப் பேசினீர்கள். நீங்கள் விரும்பி ஏறி வந்தவர். வேண்டுமென்றால் இறங்கிப் போவீர்கள். என் மகள் இறங்கவேண்டிய இராத்திரியில் அவளுக்கு வழி இல்லாமற்போயிற்றே" என்றார்.

முதற்பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல், மூங்கிலில் கட்டிய தூளியில் நான்கு பேர் சுமந்து வந்தபோது, பேருந்துச் சாலையை எட்டுமுன்னே அந்த மகள் மரித்துப்போனாள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. தம் கைத்தடியை எடுத்துக்கொண்டு மெல்ல வீட்டுக்கு நடந்தார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

விளக்கை ஏற்றி மாற்கு 6-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அதுவும் கடைகளுக்குத் தூரமான இடமே. பொழுது சாய்ந்தது; ஜனங்களுக்கோ ஆகாரம் இல்லை. சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போய் வாங்கிக்கொள்ளட்டும் என்று சீஷர்கள் யோசனை சொன்னார்கள். ஆண்டவர் அவர்களை அனுப்பிவிடவில்லை. அதேவேளையில், பசித்தவர்களை நோக்கிப் பசியின் மேன்மையைக்குறித்தும் அவர் பிரசங்கிக்கவில்லை. உங்களிடத்தில் இருப்பதைப் போய்ப் பாருங்கள் என்று சீஷர்களை அனுப்பினார். பசும்புல்லின்மேல் ஜனங்களை உட்காரவைத்தார். எல்லாரும் திருப்தியாய்ப் புசித்தார்கள். நானோ அன்று காலையில் வேறொரு சுவிசேஷத்தை அல்லவா பிரசங்கித்திருந்தேன்!

அதே மலையில் எனக்கு முன்னே வாழ்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரை அப்போது நினைத்தேன். மோட்டார் வாகனம் ஏற வழியில்லாத காலத்தில் அவர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களுடைய மகனும் பின்னாளில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்திய மருத்துவருமான பால் பிராண்ட் 1914-இல் அம்மலையிலேயே பிறந்தார். ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களின் எளிமையைப் பாராட்டுவதோடு நின்றுவிடவில்லை. நோயுற்றோருக்கு மருத்துவம் செய்தார், பள்ளிகளை ஏற்படுத்தினார், நரம்புச்சிலந்தி நோய்க்குக் காரணமான தண்ணீரைக்குறித்து மக்களுக்குப் புரியவைத்தார். 1929-இல் கடுமையான மலேரியாவின் விளைவாய் அவர் மரித்தபோது மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். மரணச் செய்தி தந்தியில் முதலில் போய்ச் சேர்ந்தது. தகப்பன் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. தூரம் என்றால் என்ன என்று அந்தக் குடும்பம் அறிந்திருந்தது. ஆகிலும் ஈவ்லின் அம்மையார் மிஷன் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்பும் மலைகளுக்கே திரும்பினார். 1974-இல், தம் 95-ஆம் வயதில் மரிக்கும்வரை மலைமக்களை அவர் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்பு எல்லாரும் உட்கார்ந்து, நம்மிடத்தில் இருப்பது என்ன என்று எண்ணிப்பார்த்தோம். அடிவாரத்தில் ஒரு விசுவாசியின் வீட்டில் ஓர் அறை இருந்தது. காணிக்கையில் கொஞ்சம் பணம் இருந்தது. பலமுள்ள வாலிபர் எட்டுப் பேர் இருந்தார்கள். பிரசவ நாள் நெருங்கும் பெண்ணை இரண்டு வாரங்களுக்கு முன்பே இறக்கி, மருத்துவமனைக்கு அருகில் அந்த வீட்டில் தங்கவைப்பது என்று தீர்மானித்தோம். நான் அங்கிருந்த மீதி ஆண்டுகளில் ஏழு பெண்கள் அவ்வாறு இறங்கினார்கள். ஏழு பேரும் பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள். முதல் பெண்ணுக்குத் துணையாய் இறங்கியவர் அந்தப் பாட்டியே.

இன்று நாம் நகரத்தில் வாழ்கிறோம். கைப்பேசியைத் தொட்டால் உப்பு வாசலுக்கே வருகிறது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் இந்தத் தெருவில் குடிவந்து ஒன்பது ஆண்டுகளாகியும், நான் எந்த வீட்டின் கதவையும் ஒரு கை உப்புக்காகத் தட்டியதில்லை. என் கதவையும் எவரும் தட்டியதில்லை. பிரியமானவர்களே, உங்கள் தெருவில் நீங்கள் கேட்டு வாங்கக்கூடிய வீடு எது? உங்களிடம் கூச்சமின்றிக் கேட்கக்கூடியவர் யார்?

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுவே: "போங்கள், தம்பி. போன முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு இல்லாததைப்பற்றி முறுமுறுக்காதிருங்கள். அவர்களுக்கு இல்லாததைப்பற்றியோ, அது நல்லதுதான் என்று ஒருபோதும் சொல்லாதிருங்கள். உங்கள் கையில் இருப்பதை எண்ணிப்பாருங்கள்." வரும் மாதம் அவர் புறப்படுகிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்களுக்குப் போதுமானதைப் போதும் என்று ஏற்றுக்கொள்ளும் இருதயத்தைத் தாரும். பிறருடைய குறைவைக் கண்டும் போதும் என்று சொல்லாத இருதயத்தையும் தாரும். தூரமான இடங்களில் வாழ்கிற உம்முடைய ஜனங்களை நினைத்தருளும். அவர்களிடத்திற்கு எங்களை அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.