கப்பல்துறைக்கென ஆக்கப்படாத கார்

எமது கப்பல்துறையிலே, மாமா வீட்டு வேப்பமர நிழலில் ஒரு மின்சாரக் கார் நிற்கின்றது. ஜப்பானில் ஓடிக் கழிந்தபின் இலங்கைக்கு வந்த வண்டி. இயக்கியதும் அது ஜப்பானிய மொழியில் ஏதோ கூறும். யாது கூறுகின்றதென இற்றைவரை எவரும் அறியோம். விடுமுறையொன்றில் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, அவற்றின் பயனைத் தமிழில் எழுதி ஒட்டியவன் நான்.

ஒரு வண்டியைப் பல நாட்டுச் சந்தைகளுக்கேற்ப மாற்றுதல் எத்தகையது என்பதை ‘ரேவா’வின் வரலாறு காட்டும். 2001இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த அச்சிறு மின்கார், முன்னே இரு பெரியவர்களும் பின்னே இரு சிறுவர்களும் அமரத்தக்கது. பிறந்த நாட்டில் அது அதிகம் விலைபோகவில்லை. 2004 முதல் ‘ஜீ-விஸ்’ என்னும் புதுப்பெயருடன் இலண்டன் வீதிகளில் ஓடியபோதோ ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினர். நகர் மையத்துள் நுழையும் வாகனங்களுக்கு 2003இல் விதிக்கப்பட்ட நெரிசற் கட்டணம் மின்கார்களுக்கு இல்லாமையே பெருங்காரணம். ஐரோப்பியச் சட்டம் அதனைக் காராகவே கொள்ளவில்லை. மின்கலம் நீங்கலாக 400 கிலோவுக்கு மேற்படாத நாற்சக்கர ஊர்தி என வகுத்தது. கார்களுக்குரிய மோதற் சோதனை அவ்வகைக்குக் கட்டாயமன்று. 2007இல் நடத்தப்பட்ட சோதனைகள் அதன் பாதுகாப்புப் பற்றிக் கடும் ஐயங்களை எழுப்பின. சட்டத்துக்குப் பொருந்திய வண்டி சாரதியின் உடலுக்கும் பொருந்த வேண்டுமென்பதில்லைப் போலும். நோர்வேக்கோ சுக்கான் இடப்பக்கம் மாறவேண்டும். குளிரில் ஈய மின்கலத்தின் வலு குன்றுவதையும் எண்ணவேண்டும்.

கப்பல்துறையை எண்ணியவர் எவருமிலர். இங்கே மாற்றங்களைச் செய்தவர் மாமாதான். ஜப்பானியப் பிளக்கின் இரு தட்டைக் கால்கள் எமது சுவர்த் துளைகளுக்குப் பொருந்தவில்லை. ஊர் மின்வேலைக்காரர் அதை வெட்டி மூன்று கால் பிளக் பூட்டினார். வெயில் ஏறுமுன் ஓடுவது, நண்பகலில் மரத்தடியில் விடுவது, இரவில் மின்னேற்றுவது என மாமாவின் நாளே மாறிற்று. 2022இல் ஊர் முழுவதும் பெற்றோல் வரிசையில் நிற்க, அவர் திருகோணமலை நகருக்கு வாடகை ஓடினார். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்டபோது அவரும் வீட்டில் இருக்க நேர்ந்தது.

ஓரிரவு அயல்வீட்டு ஆச்சியைக் கண்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டியேற்பட்டது. மாமாவின் வண்டி கந்தளாய் சென்று மீளும், கண்டிக்கு எட்டாது. டீசல் வான் ஒன்று பிடித்துவர ஒரு மணித்தியாலம் சென்றது. அதுவரை மாமா தமது காரின் கதவைப் பிடித்தபடி ஒரு சொல்லும் பேசாது நின்றார்.

ஆச்சி நலமாக மீண்டார். சில நாட்களின் பின் மாமா, “தம்பி, இன்னும் ஒரு துண்டு எழுதி ஒட்டு” என்றார். என்ன எழுதுவதென்று கேட்டேன்.

“கந்தளாய் மட்டும் எண்டு எழுது.”