ஏலச்சீட்டில் ஒரு தீவு

கடல் கடந்தேனும் பொருள் தேட வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கடல் கடந்து சென்று பொருளைச் செலவழித்துவிட்டு வரலாம் என்று அவர்களுள் எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதிலும் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு! கடல்வழிச் செலவு பெண்ணொடு நிகழ்வதன்று என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் வழக்கையே வரையறுத்துவிட்டார். முப்பதாண்டுக்கு மேல் அந்த நூற்பாவை வகுப்பறையில் விளக்கிய ஒருவரும், ஏறத்தாழ அதே காலம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பேரேடு எழுதிய ஒருவரும் சேர்ந்து அந்த வரையறையை மீறிய கதை இது. மலர்க் குழுவினர் எங்களிடம் பயணக் கட்டுரை ஒன்று கேட்டனர். பயணத்தைக் காட்டிலும் அதற்குப் போட்ட கணக்கே எங்களிடம் மிகுதியாக இருப்பதால் அதையே எழுதுகிறோம்.

எங்களுள் ஒருவர்க்குப் பிறந்த ஊர் இராஜபாளையம், மற்றவர்க்கு ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1990ஆம் ஆண்டு மணமுடித்த நாள்முதல் எங்கள் பயணங்கள் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே நடந்து முடிந்தன. மாமியார் வீட்டிற்குப் போகும்போது கையில் பழம், திரும்பும்போது பால்கோவா. விடுமுறை என்றால் அய்யனார் கோவில் ஆற்றிலோ செண்பகத்தோப்பிலோ ஒரு பகல். மேற்கே மலை அருகிலேயே நிற்க, கடல் என்பது எங்கள் மாவட்டத்திற்கே இல்லாத பொருள். இராமேசுவரத்திற்கு இருமுறை போயிருக்கிறோம். இருமுறையும் உறவினர் இருபது பேர் உடனிருந்தனர்.

மணமான புதிதில் எங்களுள் தமிழ் கற்பித்தவர், "ஒருநாள் உன்னை ஒரு தீவுக்கு அழைத்துப் போகிறேன்" என்று சொல்லியிருந்தாராம். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் கணக்கர் அல்லவா? பழைய குறிப்பேடு ஒன்றில் 'கடல்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டார். அந்தப் பக்கத்தை நாங்கள் ஒன்றாகப் பார்த்தது சென்ற ஆண்டுதான். 1993இல் ஒரு தொகை எழுதப்பட்டு அடிக்கப்பட்டிருந்தது. அது தங்கையின் திருமணத்திற்குப் போனது. 2004இல் இன்னொரு தொகை. அது மகனின் கல்லூரிக் கட்டணமாயிற்று. 2013இல் மூன்றாவது, வீட்டுத் தளம் ஒழுகியது. மூன்று கோடுகளும் அளவுகோல் வைத்து நேராக இழுக்கப்பட்டிருந்தன. அந்த நேர்த்தி எங்களுள் ஒருவரை அன்றிரவு உறங்கவிடவில்லை.

நான்காவது தொகை, 2024இல் முதிர்ந்த ஏலச்சீட்டுப் பணம் எழுபத்தையாயிரம் ரூபாய். ஆனால் அதே ஆண்டில் அவருடைய முழங்கால்களைப் படம்பிடித்துப் பார்த்த மருத்துவர், இரண்டொரு ஆண்டுகளில் மூட்டு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். இப்போது இந்தப் பணம் கடலுக்கா, காலுக்கா? "காலுக்கு" என்று தமிழாசிரியர் தயங்காமல் சொன்னார். கணக்கர் உடன்படவில்லை. "அதுக்குக் காப்பீடு இருக்கு, வைப்பு நிதியும் இருக்குங்க. இந்தக் கால் இருக்கும்போதே ஒரு தடவை போயிருவோம்" என்றார்.

போவது எங்கே? இங்கேதான் தமிழாசிரியரின் கற்பனை கட்டவிழ்ந்தது. கரீபியக் கடல் என்றார்! இளமையில் பிடித்த மட்டைப்பந்துப் பித்து அதற்குக் காரணம். 1976 ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ஓட்டங்கள் என்னும் இலக்கை எட்டி வென்ற செய்தியை மறுநாள் வானொலியில் கேட்ட பள்ளிச் சிறுவர் அவர். பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகள் அணியில் நாகமுத்து என்றும் வீராசாமி பெர்மால் என்றும் பெயர்களைக் கண்டபோது பித்து ஆராய்ச்சியாக மாறியது. அவ்விருவரும் தீவினர் அல்லர், கயானா நாட்டினர்; என்றாலும் அப்பெயர்கள் எந்த ஊரிலிருந்து கப்பலேறின என்பதைத் தமிழர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

குவாதலூப் தீவிற்கு இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற்கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் ஒரேலி. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அத்தீவுக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். முடிந்தால் திருப்பி அனுப்புவதாக வாக்கு. திரும்பாதவரே மிகுதி. அவர்கள் வழிவந்தோர் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இன்றும் நாகூர் மீரானை நினைவுகூர்ந்து கொடியேற்றுகின்றனர். பெயர் வாய்மொழியில் சற்றே திரிந்துவிட்டது. வழிபாட்டு முறையும் வேறாகிவிட்டது. நடுக்கடலில் தம் முன்னோரைக் காத்தவர் என்ற நன்றி மட்டும் திரியவில்லை. சிதம்பரம் என்னும் பெயர் தாங்கிய ஆன்றி சிதம்பரம் என்பார், அங்குப் பிறந்த இந்தியர்க்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென 1904இல் தொடுத்த வழக்கு 1923இல்தான் முடிவுக்கு வந்தது. அக்கப்பல்களில் பெண்களும் இருந்தனர். தொல்காப்பியர் வரையறையை எங்களுக்கு முன்பே வறுமை மீறிவிட்டிருந்தது.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணக்கர் எழுதுகோலை எடுத்தார். இந்தியாவிலிருந்து அத்தீவுகளுக்கு நேர் விமானம் இல்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ மாறிப் போக வேண்டும். திரினிடாடு, பார்படோசு, ஜமைக்கா ஆகியவை குறுகிய காலச் சுற்றுலாவிற்கு இந்தியரிடம் விசா கேட்பதில்லை என்று தமிழாசிரியர் மகிழ்ந்தார். அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கி மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும் என்பதைக் கணக்கர் எடுத்துக்காட்டினார். எங்கள் உள்ளம் கவர்ந்த குவாதலூப்போ பிரெஞ்சு நிலம்; அங்கே நுழையவே விசா. இருவருக்கும் போகவர விமானக் கட்டணம் மட்டும் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. ஜூன் முதல் நவம்பர் வரை கட்டணமும் விடுதி வாடகையும் குறைகின்றனவே என்றார் இவர். "விலை ஏன் குறையுதுன்னு கேட்டீங்களா?" என்றார் அவர். அது சூறாவளிப் பருவம். 2024 ஜூலை முதல் நாள் பெரில் என்னும் சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவை வாரிச் சுருட்டியது.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்க்கு ஒரு காசும் செலவில்லாமல் கிடைத்த கடற்பயணம், விருந்தினராகப் போக விரும்பிய எங்களுக்கு எட்டவில்லை. கரீபியத்தை மூடிவைத்தோம். தமிழாசிரியர்க்கு வருத்தம்தான்.

அருகிலுள்ள தீவுகளை ஆராய்ந்தோம். இலட்சத்தீவுக்குள் நுழைய இந்தியர்க்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானின் முக்கியத் தீவுகளுக்கு அது வேண்டாம். தமிழ் பேசுவோர் அங்கு நிறைய உண்டு. உணவிற்கு அஞ்ச வேண்டியதில்லை. கப்பலில் போகலாம் என்று ஓர் ஆசை எழுந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்; மூன்று நாள் ஆகும். ஆனால் கப்பல் நாள்தோறும் இல்லை. புறப்படும் நாள் முன்கூட்டியே உறுதியாவதும் அரிது. மேலும் குறைந்த கட்டண வகுப்பின் அடுக்குப் படுக்கையில் முழங்கால் நோயாளி எப்படி ஏறுவார்? ஆகவே, இராஜபாளையத்திலிருந்து பொதிகை விரைவு இரயில். சென்னையிலிருந்து விமானம், இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். அந்தமானிலும் மே நடுவில் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும். தீவுகளுக்கிடையே கப்பல் நின்றுபோகும். கட்டணம் குறைகிறதே என்று அந்த மாதங்களில் போகக் கூடாது. சனவரி இறுதியைத் தேர்ந்து, மூன்று மாதம் முன்பே சீட்டு எடுத்தோம்.

விமானம் 32,400, இரயில் 1,700, ஏழு இரவுக்கு விடுதி, இரவொன்றுக்கு 1,600 வீதம் 11,200, உணவு நாளொன்றுக்கு 800 வீதம் 5,600, படகு, கப்பல், பேருந்திற்கு 6,000, மருத்துவத்திற்கெனத் தொடாமல் வைக்க 10,000. ஆக 66,900. மீதம் 8,100.

கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. தமிழாசிரியர்க்குச் சிக்கனம் தலைக்கேறி, ஏழு நாளை நான்காக்கலாம் என்றார். ஒரு பயண முகவர் குறைந்த தொகைக்கு எல்லாத் தீவுகளையும் காட்டும் திட்டமொன்றை நீட்டியதும் அந்த வேகத்தில்தான். நாளுக்கொரு தீவு, விடியல் நான்கு மணிக்குப் புறப்பாடு, இடையிடையே பொருள் வாங்கக் கடைகளில் நிறுத்தம். கணக்கர் அதைப் படித்துவிட்டு, "இது ரெண்டு பேர் போற பயணம் இல்லீங்க, ரெண்டு பெட்டி போற பயணம்" என்று திருப்பிக் கொடுத்தார். வாழ்நாள் முழுதும் காசைக் காத்தவர், நாள்களைக் குறைக்க மட்டும் ஒப்பவே இல்லை. பார்க்கும் இடங்களைக் குறைக்கச் சொன்னார். விடுதியிலும் அப்படியே. 1,600 ரூபாய் அறை மூன்றாம் மாடியில்; மின்தூக்கி இல்லை. "வாடகையில மிச்சம் பிடிச்சு மூட்டு வைத்தியருக்குக் கொடுக்கவா?" என்றார். மின்தூக்கியோ தரைத்தளமோ உள்ள இடங்களுக்கு இரவுக்கு 600 கூடுதல். ஏழு இரவுக்கு 4,200. மீதம் 3,900 ஆகச் சுருங்கியது. செலவைக் கூட்டியவர் கணக்கர், முகம் சுளித்தவர் தமிழாசிரியர் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

2025 சனவரியில் போனோம். போர்ட் பிளேர் என்று நாம் படித்த நகர்க்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியிருந்தனர். அங்கே கதிரவன் முந்துகிறான். கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுவதால் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது. போகக் கருதுவோர் காலை ஆறு மணிக்கு வெளியே நிற்குமாறு திட்டமிடுக. பத்து மணிக்கு எழுவோர்க்கு அரை நாள் வாடகை வீண்.

வாடகை மகிழுந்து வேண்டாம் என்று அரசுப் பேருந்தில் வண்டூர் கடற்கரைக்குப் போனோம். தென் அந்தமானில் வண்டூர், மஞ்சேரி, திரூர், காலிகட் என்னும் ஊர்கள் உள்ளன. எல்லாம் மலபாரின் பெயர்கள். 1921 கிளர்ச்சிக்குப்பின் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்ட மாப்பிள்ளைமார் தங்கள் ஊர்களைப் பெயராகவேனும் கொண்டுவந்து நட்டிருக்கின்றனர். சன்னலோரம் இருந்த கணக்கர், "இவங்களுக்கும் திரும்பிப் போகச் சீட்டு கொடுக்கலையோ?" என்று கேட்டார். அவர் குவாதலூப்பை மறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் இன்று மூன்றே நிற்கின்றன. அங்கும் படிகள். ஒருவர் மட்டும் மேலே ஏறி, நெடுநேரம் நிற்க மனமின்றி இறங்கிவந்தார்.

புகழ்பெற்ற ஹேவ்லாக், அதாவது இன்றைய சுவராஜ் தீவை விட்டுவிட்டு, சிறிய நீல் தீவை மட்டும் தேர்ந்திருந்தோம். அதன் இன்றைய பெயர் சகீத் தீவு. காய்கறி விளையும் சமநிலம். தனியார் விரைவுக் கப்பலில் ஆயிரத்துக்கு மேல் ஆகும் வழியை, அரசுக் கப்பலில் சில நூறு ரூபாய்க்குக் கடந்தோம். சற்று மெதுவாகப் போகும், அவ்வளவே.

அங்கே பரத்பூர் கடற்கரையில் நீர் ஆழமில்லை. முதல்நாள் காலை கணக்கர் இடுப்பளவு நீரில் நின்று, நெடுநேரம் பேசாதிருந்தார். வலிக்கிறதோ என்று அஞ்சிக் கை நீட்டினால், "விடுங்க. தண்ணிக்குள்ள கால் கனக்கவே இல்லீங்க" என்றார். மறுநாளும் அங்கேயே போனோம், மூன்றாம் நாளும். படகில் பவளம் காட்ட அழைத்தவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டோம். அந்த நாள்களின் கணக்கில் தேநீர், வாழைப்பழம், இளநீர் தவிர வேறொன்றும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு கிலோ பால்கோவா கொண்டுபோயிருந்தோம். அதில் ஒரு பொதி, ஸ்ரீ விஜயபுரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த நம் மாவட்டத்து முதியவர் ஒருவரிடம் போயிற்று. அதன்பின் அவர் எங்களிடம் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கணக்கர்க்கு அது மிகுந்த சங்கடம்.

திரும்பும்போது விடியற்காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கிக்கொண்டோம். எண்பத்தாறு அகவையுடைய அத்தை, சங்கு கொண்டுவரவில்லையா என்று கேட்டார். பவளமோ சங்கோ அங்கிருந்து எடுத்துவரக் கூடாது என்று விளக்கினோம். "அப்ப எதுக்குப் போனீங்க?" என்றார். இருவரும் சிரித்தோம்.

மருத்துவத்திற்கு ஒதுக்கிய பத்தாயிரம் தொடப்படவில்லை. தானிக்கும் சில்லறைக்கும் எண்ணியதைவிட 260 ரூபாய் கூடியிருந்தது. அன்றிரவு குறிப்பேட்டை விரித்து, 'கடல்' என்ற பக்கத்தின் அடியில் மீதம் 13,640 என்று எழுதி, அத்தொகையை 'முழங்கால்' என்ற புதிய பக்கத்திற்கு மாற்றி வரவு வைத்தார்.