தண்ணீர்மலைக்குப் போனால் இங்கேயும் வாருங்கள்

பினாங்குக்கு நீங்கள் ஒரு முறையேனும் போயிருப்பீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறியிருப்பீர்கள். பிள்ளைகளோடு கொடிமலை ரயிலிலும் போயிருப்பீர்கள். ஆனால், பாலம் கடந்து தீவில் இறங்கியதும் பக்கத்திலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? "நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பேருந்தில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். என் பெற்றோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

தொடர்புத்துறைப் படிப்பை முடித்துக்கொண்டு இந்த மாதம் இங்கிருந்து புறப்படுகிறேன். அதற்குமுன் உங்களை ஒரு சுற்று அழைத்துப்போக ஆசை. வாருங்கள்.

இந்த இடத்துக்கு மிண்டன் என்று பெயர். 1759-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மிண்டன் என்ற ஊரில் போர் நடந்தது. அதில் வென்ற பிரிட்டிஷாரின் பட்டாளம் பிற்காலத்தில் இங்கே முகாமிட்டபோது அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது. 1969-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், முதலில் ஓர் ஆசிரியர் கல்லூரியில் இடம் வாங்கி நடந்து, 1971-இல் இங்கே குடிவந்தது. பட்டாளத்தார் அணிவகுத்த மண்ணில் இன்று மாணவர்கள் நடக்கிறார்கள். அதோ, பெரிய தூங்குமூஞ்சி மரங்கள்! அந்தி சாய்ந்தால் இலைகளை மூடிக்கொண்டு அவை உறங்குவதை விடுதிக்குத் திரும்பும் வேளையில் தினமும் பார்த்திருக்கிறேன்.

விடுதியை இங்கே 'தேசாசிஸ்வா' என்பார்கள். மாணவர் கிராமம் என்று பொருள். செம்பனைக் குலை வெட்டிக் காய்ப்பேறிய கையால் என் பெட்டியைத் தூக்கிவந்த அப்பா, அதைக் கேட்டுச் சிரித்தார். "லயத்துலேர்ந்து கிராமத்துக்கு வந்துட்டேம்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பேசுறதுக்கும் ஒரு படிப்பாம்மா? இதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 2019-இல் நின்றுபோனது. அதை எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவர் அவர். பத்திரிகையே நின்றுபோகும் காலத்தில் பத்திரிகைப் படிப்பா என்ற கவலை அவருக்கு.

இங்கே இதழியல் உண்டு, ஒலிபரப்பும் திரைப்படமும் உண்டு, விளம்பரத்துறையும் உண்டு. பாடம் பெரும்பாலும் மலாயில், புத்தகங்கள் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு வகுப்பில் வாய் திறக்கவே ஒரு பருவம் ஆயிற்று. முதல் துணைவேந்தரின் பெயரைத் தாங்கிய ஹம்சா செண்டுட் நூலகம்தான் அப்போது எனக்குத் துணை.

ஒரு பாடத்துக்காக யாருடைய வாழ்க்கையையாவது ஒலிப்பதிவு செய்துவர வேண்டியிருந்தது. சக மாணவர்கள் பிரமுகர்களைத் தேடிப் போனார்கள். எனக்கு யாரையும் தெரியாது. கெடாவில் எங்கள் தோட்டத்துக்குப் போய்ப் பாட்டியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"பால் வெட்டுனவ கதைய யாரும்மா கேக்கப்போறா?" என்றார் பாட்டி. அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, மழை வந்து மங்கில் இருந்த பால் வீணானது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்கு மரம் அழுதுகொண்டே நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எங்கிட்டகூடச் சொன்னதில்லியே, அத்தே!" என்றார்.

பேசுவதற்கல்ல, கேட்பதற்குத்தான் இந்தப் படிப்பு என்று அன்று எனக்கு விளங்கியது. ஒரே லயத்தில் இத்தனை வருடம் இருந்தும் நாங்கள் கேட்கவில்லை. கேட்க ஆள் வந்ததும் பாட்டி சொன்னார்.

இனி என்ன? கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வானொலியில் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் பி.டி.பி.டி.என். கடனை அடைக்க வேண்டும். தம்பி ஆறாம் படிவத்தில் இருக்கிறான். ஆகவே இந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய், ஒரு பெரியவரையாவது பேசவைத்துப் பதிவு செய்வேன். தோட்டத்து ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தள்ளிப்போட்டால் ஆளும் இருக்காது, கதையும் இருக்காது.

பட்டமளிப்பு விழாவுக்குப் பாட்டியையும் அழைத்துவருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். பாட்டி உட்கார இப்போதே ஒரு மர நிழலைப் பார்த்துவைத்துவிட்டேன்.

அடுத்த முறை தண்ணீர்மலைக்கு வரும்போது, ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் பிள்ளையை இந்த மரங்களின் கீழே நடக்கவிடுங்கள். 'இது நாமும் வரக்கூடிய இடந்தான்' என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றினால் போதும். வீட்டுக்குத் திரும்பியதும், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.