மாமாவின் மோட்டாரும் பி.காம். படித்த நானும்

திண்டுக்கல் போய் வந்தேன் என்றால் ஆபீஸ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிரியாணி எங்கேப்பா?" இரண்டாவது, "பூட்டு?" இந்தத் தடவை நான் வாங்கி வந்தது திட்டு. கொடுத்தவர் என் மாமா.

விஷயம் இதுதான். நிலக்கோட்டை ரோட்டில் மாமாவுக்கு ஒரு ஏக்கர் மல்லித் தோட்டம், ஒரு கிணறு, அஞ்சு எச்.பி. மோட்டார் ஒன்று. நான் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருஷம் வாங்கியது. போன வாரம் போன் வந்தது.

"மாப்ளே, மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது. புகை வேற. நாலு நாள் தண்ணி இல்லேன்னா செடி வாடிரும்டா!"

மறுநாளே போனேன். குட்டியானை வண்டியில் மோட்டாரை ஏற்றி, நானும் மாமாவும் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டோம். தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. 1755-ல் ஹைதர் அலி இங்கே படைத்தலைவராக வந்தாராம். அவருக்கு மோட்டார் கவலை இருந்திருக்காது. கொடுத்து வைத்தவர்!

மணிக்கூண்டைத் தாண்டி, சந்துக்குள் ஒரு வைண்டிங் கடை. வார்னிஷ் வாசனை வாசலிலேயே வரவேற்றது. பட்டறைக்கார அண்ணன் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணே, பழசாயிருச்சு, அதான் போச்சு. இல்லையா?" என்றேன், மேதாவி மாதிரி.

"தம்பி, உள்ள முப்பத்தாறு பள்ளம் இருக்கு. மூணு பேஸுக்கும் பன்னெண்டு பன்னெண்டு. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். கணக்கு நமக்குத்தான் வருமே! இருபத்துநாலு கருகிக் கிடந்தன. பன்னிரண்டு மட்டும் புதுசு போல.

"வயசாகி எரிஞ்சா எல்லாம் ஒண்ணா கருகும். ஒரு பேஸ் மட்டும் நல்லா இருந்தா, அந்த பேஸுல கரன்ட் வரல, பியூஸ் போயிருச்சுன்னு அர்த்தம். மத்த ரெண்டும் பாரத்தைத் தூக்கித் தூக்கியே செத்துப் போச்சு. ஆமா, ஸ்டார்ட்டர்ல ரிலேன்னு ஒண்ணு இருக்குமே, அது ஏன் நிறுத்தல? முள்ளை யாராவது திருப்பி வச்சீங்களா?"

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மோட்டார் அடிக்கடி தானாக நின்றது. "இதென்ன தொல்லை" என்று ரிலே முள்ளை நான்தான் கடைசிவரை திருப்பி விட்டேன். காவலுக்கு நின்ற நாயைக் கட்டிப் போட்டுவிட்டு, திருட்டுப் போச்சே என்று அழுத கதை!

"புதுசே வாங்கிரலாம் மாமா" என்றேன், பாவமன்னிப்பு கேட்கும் குரலில்.

"புதுசு நாலஞ்சு மடங்கு ஆகும். இது கோயம்புத்தூர் இரும்புடா!"

அதுவும் நிஜம்தான். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் செய்ததுதான் இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்பார்கள். அந்த வம்சம்! விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். கரன்ட் பில் கிடையாது. காயில் பில்தான் உண்டு. அதை நான் கட்டினேன்.

அண்ணன் கருகிய கம்பியை வெட்டி உருவினார். எத்தனை சுற்று, என்ன கனம் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பள்ளத்துக்குள் புதுக் காகிதம் வைத்து, தாமிரக் கம்பியைச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்தார். பேரிங்கும் மாற்றினார். ரெண்டு நாள் வேலை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கைகளுக்கும் ஒன்று கொடுக்கலாம்.

கிளம்பும்போது அவர் சொன்னது, உங்களுக்கும் உதவும்: மோட்டார் உறுமினால் உடனே நிறுத்துங்கள். பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பேரிங், சுற்றினால் பேஸ் சந்தேகம். மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் புட்வால்வைப் பாருங்கள். தலைகீழாய்ச் சுற்றினால், மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றிப் போடச் சொல்லுங்கள். ரிலே முள்ளை மட்டும் தொடாதீர்கள்!

நாலாம் நாள் சாயங்காலம் பட்டனை அமுக்கினோம். குழாய் ரெண்டு தரம் இருமியது. பிறகு தண்ணீர் பாய்ந்தது. செடி பிழைத்தது.

மாமா ஒரு பை மல்லிகை கொடுத்து வழியனுப்பினார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். புத்தம்புது திண்டுக்கல் பூட்டு தொங்கியது.

"திருட்டுப் பயமா மாமா?"

"இல்ல மாப்ளே. அடுத்த பொங்கலுக்கும் நீ வருவேல்ல?"