தெரிந்தே செய்தேன்

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டில் என்னோடு படித்த ஒரு பெண்ணிடம் மூன்று மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுதியில் வேறு யாரும் பேசவில்லை. மெஸ்ஸில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடும். வகுப்பில் காப்பி நடந்தது என்று டியூட்டரிடம் போய்ச் சொன்னதுதான் அவள் செய்த குற்றம். அவள் சொன்னது உண்மை என்று எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். விடைத்தாளைக் காட்டியவள் நான்.

அது பார்மகாலஜி இன்டர்னல். ஒரு தாளுக்குப் பல்கலைக்கழகத் தேர்வில் 75, இன்டர்னலில் 25. அந்த 25க்காக நாங்கள் உயிரை விடுவோம். மருந்தளவுக் கணக்கில் ஒரு கேள்வி: இருபது யூனிட் இன்சுலின் போடவேண்டும்; கையில் இருக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; எத்தனை மில்லி எடுப்பாய்?

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி. எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வாங்கிவந்து ஊட்டியவள். கணக்கு என்றால் அவளுக்குக் கை நடுங்கும். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். 0.2 என்று எழுதிக்கொண்டாள். அவளிடமிருந்து அந்த விடை கடைசி வரிசைவரை போயிற்று.

அடுத்த வாரம் டியூட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான்தான் கிளாஸ் ரெப். "உண்மையைச் சொல்லும்மா, காப்பி நடந்துச்சா?" என்றார்.

"இல்ல மேடம். அவ ஏதோ கோபத்துல சொல்லியிருப்பா" என்றேன்.

பொய்யோடு நின்றிருக்கலாம். உண்மை சொன்னவள்மேல் பழியையும் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவே விடுதி முழுவதும் அவளுக்குக் 'காட்டிக்கொடுத்தவள்' என்று பெயர். ஒரு நாள் துணி துவைக்கும் இடத்தில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். "உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே பருவத்தில் எங்களுக்கு மெடிக்கல் வார்டில் போஸ்டிங். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் இரண்டு செறிவில் வருகின்றன. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டிலும் கோடுகள் உண்டு. ஆனால் ஒன்றின் கோடு மற்றதற்குப் பொருந்தாது. அன்று ஒரு பாட்டிக்கு வீட்டார் வெளியிலிருந்து வாங்கிவந்த குப்பி 100 யூனிட். என் பக்கத்துக் கட்டில் தோழி எடுத்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. இருபதாவது கோடுவரை இழுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தாள். அந்தச் சிரிஞ்சில் அந்தக் கோடு அரை மில்லி. அரை மில்லியில் 50 யூனிட். வேண்டியதைப்போல இரண்டரை மடங்கு. சர்க்கரை இறங்கி அந்தப் பாட்டி நினைவிழந்திருக்கக்கூடும்.

வார்டு சிஸ்டர் கையைப் பிடித்தார். "எப்படிம்மா இவ்வளவு எடுத்தே?"

"இருபதுன்னு எழுதியிருந்துச்சு சிஸ்டர். இருபது கோடு வரைக்கும் எடுத்தேன்."

தேர்வில் சரியாக 0.2 என்று எழுதியவள் சொன்ன பதில் இது. அவள் தாளில் இருந்தது என் விடை. வார்டில் அவள் கையில் எதுவுமில்லை. இரவெல்லாம் அவள் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு அறை தள்ளித்தான் அந்த இன்னொருத்தி இருந்தாள். எழுந்துபோய் "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

முதலாம் ஆண்டில் விளக்கேற்றும் விழாவில் நாங்கள் எடுத்த உறுதிமொழி 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எழுதப்பட்டது. நைட்டிங்கேல் பெயரால் வழங்குவது. தெரிந்தே யாருக்கும் தீங்கான மருந்தைக் கொடுப்பதில்லை என்பது அதில் ஒரு வாக்கு. அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்தான் பிறகு என்னை விடவில்லை. என் தோழி தெரிந்து அந்த ஊசியை எடுக்கவில்லை. டியூட்டரும் வார்டு சிஸ்டரும் அவள் மதிப்பெண்ணை நம்பினார்கள். அந்த மதிப்பெண் பொய் என்று தெரிந்து, அதைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சொன்னாள். நான் மறைத்தேன்.

நட்புக்காகச் செய்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது நட்பில்லை. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் பிடித்திருக்கும். தாளைச் சாய்க்க ஐந்து விநாடி. எனக்கு எது சுலபமோ அதைச் செய்தேன். கஞ்சி ஊட்டிய கைக்கு நான் கொடுத்த கைம்மாறு, அவளைத் தெரியாதவளாகவே வார்டுக்கு அனுப்பியது.

என் கையும் சுத்தமில்லை. நாடி பார்த்து முடித்தபின் மணிக்கட்டை விடாமலேயே, நோயாளி உணராதபடி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும் என்றுதான் கற்றோம். போஸ்டிங் நெரிசலில் எத்தனையோ பேருக்கு எண்ணாமல் 20 என்று சார்ட்டில் எழுதியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் பொய்யைப் பொறுத்துக்கொண்ட கண், சார்ட்டிலும் பொறுத்துக்கொண்டது.

இன்று என் வார்டுக்கு மாணவிகள் வருகிறார்கள். இன்சுலினை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே போடுவோம். மாணவி எடுத்துவந்து "இருபது சரிதானே சிஸ்டர்?" என்று கேட்டால் தலையாட்ட மாட்டேன். குப்பியைக் காட்டி, "நீ தனியாக் கணக்குப் போடு, நான் தனியாப் போடறேன். அப்புறம் பார்ப்போம்" என்பேன். கணக்கு வராதவளை அன்று மாலை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பேன். எண்ணாமல் மூச்சு எழுதுவதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. இவ்வளவுதான் என்னால் ஈடுகட்ட முடிந்தது.

மற்றது அப்படியே இருக்கிறது. எங்கள் பேட்ச்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. குழந்தைகளின் பிறந்தநாள், வெளிநாட்டு வேலை, பழைய விடுதிப் படங்கள் எல்லாம் அதில் வரும். அவள் அதில் இல்லை. யாரும் சேர்க்கவில்லை. சேர்க்கும் அதிகாரம் உள்ள மூவரில் நான் ஒருத்தி. போன மாதம் அவள் எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டேன். இன்னும் அழைக்கவில்லை. குழுவில் சேர்ப்பதற்கு முன்னால் அவள் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஆமாம், எனக்குத் தெரியும்.