பினாங்கின் இரவுச் சோறு

ஜார்ஜ்டவுனில் இரவில்தான் பசிக்க வேண்டும். லவ் லேன் பக்கம் பாட்டும் கூத்துமாகக் களைகட்டும். சூலியா தெருவோரத் தள்ளுவண்டிகளில் வான்டான் மீ நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும். எனக்கு எப்போதும் நாசி கண்டார்தான். துறைமுகத் தொழிலாளர்களுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு வைத்து, இருபுறமும் கூடை தொங்கச் சுமந்து விற்ற சோறு இது. கெம்பல் தெரு ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது.

"அண்ணே, பஞ்சிர்!" (மலாயில் வெள்ளம்) என்று சொன்னால் போதும். மீன், கோழி, பருப்பு என்று குழம்புக்குமேல் குழம்பாகச் சோறு மூழ்க ஊற்றுவார்கள். அந்தக் கலவை ருசிக்கு ஈடே இல்லை. வெண்டைக்காயும் கேட்டு வாங்குங்கள். பிறகு நுரை பொங்க ஆற்றிய தேநீர், ஒரு தே தாரிக்.

2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டுப் பொழுதோடு கிளம்பிவிடாதீர்கள். ஓர் இரவாவது தங்கி, நம்மவர்கள் கடையில் கை நனைத்துவிட்டுப் போங்கள்.